மஞ்சளைப் படம் எடுத்தால் பச்சை அடிக்கிறது, அவசர உதவி தேவை

ஈரோட்டுக்காரி
எல்லோருக்கும் வணக்கம். ஊருக்குள் தினமும் கண்ணில் படும் நிறங்களை, படத்துக்கு ஒரு நிறம் என்று எடுத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். தபால்பெட்டிச் சிவப்பு, கோயில் மதில் காவி, காளிங்கராயன் வாய்க்கால் ஓரத்து வாழை இலை எல்லாம் நன்றாக வந்துவிட்டன. ஈரோட்டில் இருந்துகொண்டு மஞ்சள் மட்டும் வரமாட்டேன் என்கிறது. மஞ்சள் மண்டியில் குவியலைப் படம் எடுத்தால் பச்சை அடித்து வெளுத்துப்போய் இருக்கிறது, நேரில் அது நல்ல ஆரஞ்சு கலந்த மஞ்சள். கனி மார்க்கெட்டில் ராணி கலர் சேலை ஒன்றைப் படம் எடுத்தேன், அதில் மடிப்பே தெரியவில்லை, ஒரே திட்டு. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். எந்த செட்டிங்கை மாற்றுவது?

கொடுமுடிக்காரன்
போனா கேமராவா? வெயிலா நிழலா? எத்தனை மணிக்கு? படத்தையும் போடாமல் கேட்டால் நாங்கள் சோழி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சூலூர் ஷட்டர்
எதுவும் கேட்க வேண்டியதில்லை, இது ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்தைக் கேமராவே ஊகித்துச் சரிசெய்யும் வசதி, செய்கிற வேலை. ஒரு காட்சியில் எல்லா நிறமும் கலந்து சராசரி சாம்பலாக இருக்கும் என்று அது நினைத்துக்கொள்ளும். நீங்கள் படம் முழுக்க மஞ்சளை நிரப்பினால், ஏதோ மஞ்சள் பல்பு வெளிச்சம் போலிருக்கிறது என்று நீலத்தை ஏற்றிச் சரிசெய்யப் பார்க்கும். வெளுக்காமல் என்ன செய்யும்? எல்லாவற்றையும் நாமே வைக்கிற புரோ மோடில் கெல்வினை, அதாவது வெளிச்ச நிறத்தின் அளவை, 5500 பக்கம் வைத்துப் பூட்டிவிடுங்கள். நிழல் என்றால் 7000 வரை போகலாம்.

பழைய நெகட்டிவ்
இதே கேள்வி வேறு வேறு வேடத்தில் வந்துகொண்டே இருக்கிறது, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. அம்மணி, ஒயிட் பேலன்ஸ் அப்புறம். முதலில் எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது, என்று படியுங்கள். உங்கள் மஞ்சளில் சிவப்பு அதிகம், பச்சை கொஞ்சம் குறைவு, நீலம் கிட்டத்தட்ட இல்லை. வெளிச்சம் கூடிப்போனால் சிவப்பு உச்ச அளவான 255இல் போய் முட்டி நின்றுவிடும், பச்சை மட்டும் மேலே ஏறிக்கொண்டே வரும். அப்போது ஆரஞ்சு மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகும். ராணி கலர் திட்டாக வருவதும் சிவப்பு முட்டியதால்தான். போனை நீட்டிப் பொத்தானை அமுக்கினால் போட்டோகிராபி ஆகிவிடாது. ஃபிலிம் காலத்தில் இதையெல்லாம் எடுப்பதற்கு முன்பே யோசிப்போம்.

சூலூர் ஷட்டர்
அண்ணா, ஃபிலிம் காலம் என்று ஆரம்பித்துவிட்டீர்களா. 1990இல் வந்த வெல்வியா ஃபிலிமில் புல்லெல்லாம் மரகதமாக வந்ததே, அதெல்லாம் எடுப்பதற்கு முன்பு யோசித்ததா?

கொடுமுடிக்காரன்
நான் மஞ்சள் போடுகிறவன், ஒன்று சொல்கிறேன். நீங்கள் எடுத்தது விரல் மாதிரி நீண்ட விரலியா, உருண்டைக் கிழங்கா, பாலிஷ் போட்டதா போடாததா? வேகவைத்துக் காயவைத்த மஞ்சள் பாலிஷ் போடுவதற்கு முன் மேலே மங்கலாகத்தான் இருக்கும், அதில் ஆரஞ்சைத் தேடினால் கிடைக்காது. ஒரு விரலியை உடைத்துப் பாருங்கள், உள்ளேதான் அந்த நிறம். வாங்க வருகிறவர்களும் உடைத்துத்தான் பார்ப்பார்கள். அதோடு வெயிலிலேயே கிடந்தால் மேல்பரப்பு வெளுக்கும், மஞ்சளில் முக்கிய துணி கொடியில் வெளுப்பதில்லையா? குவியலைக் கிளறிவிட்டு எடுங்கள். கேமரா மேல் பழி போடாதீர்கள்.

ஈரோட்டுக்காரி
போன்தாங்க. ஆட்டோவில்தான். காலை பதினொரு மணி இருக்கும், வெயில் எல்லாம் இல்லை, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

திருப்பூர் லேப் டிப்
என்ன நிறத் தார்ப்பாய்?

ஈரோட்டுக்காரி
நீலம். எல்லா இடத்திலும் இருக்குமே, அதே நீலம். ஏன்?

திருப்பூர் லேப் டிப்
அவ்வளவுதாங்க விஷயம். நீலத் தார்ப்பாய் வழியாக வடிந்து வருகிற வெளிச்சம் நீலம். அது மஞ்சள் மேல் விழுந்தால் பச்சை அடிக்கும். கண் கொஞ்ச நேரத்தில் பழகிக்கொள்ளும், அதனால் நேரில் நின்ற உங்களுக்குத் தெரியவில்லை. போனுக்கோ படத்தில் மஞ்சளைத் தவிர ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் இல்லை. நாங்கள் சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியைத் தெருவில் வைத்தா ஷேடு பார்க்கிறோம்? உள்ளே சாம்பல் அடித்த லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65 விளக்கு, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்ப்போம். பகலில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு துணி டியூப்லைட்டில் வேறு வேறாகத் தெரியும், அதில் ஆர்டரே திரும்பி வந்ததுண்டு. மஞ்சளைத் தார்ப்பாய்க்கு வெளியே இரண்டடி தள்ளி, கட்டடத்து நிழலில் வைத்து எடுங்கள். ஒரு கிரே கார்டு, அந்த 18 சதவீதச் சாம்பல் அட்டை, பக்கத்தில் வைத்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு சரிசெய்வது சுலபம்.

பவானிக் கரை
அட்டைக்கு எங்கே போவது. பக்கத்தில் நிற்கிற ஏவாரியின் வேட்டியை வைத்து வெள்ளையைச் சரி செய்துகொள்ளலாமே, மண்டியில் வெள்ளை வேட்டிக்கா பஞ்சம்?

திருப்பூர் லேப் டிப்
வேட்டி வேண்டாங்க. அதில் சொட்டு நீலம் போட்டிருப்பார்கள். அதை வெள்ளை என்று காட்டினால் மற்றதெல்லாம் மஞ்சளேறிப் போகும். ஜெராக்ஸ் பேப்பரிலும் பளிச்சென்று தெரிய ஏதாவது கலந்திருப்பார்கள், பகல் வெளிச்சத்தில் அதுவும் நீலம் அடிக்கும். அட்டை கிடைக்காவிட்டால் பழைய சிமெண்டுத் தரை பரவாயில்லை.

பழைய நெகட்டிவ்
வேட்டியை வைத்து ஒயிட் பேலன்ஸ். இதைப் படிக்கத்தான் இத்தனை வருடம் உயிரோடு இருந்தேன் போல. யாராவது ரா ஃபைல், அதாவது கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் படம், பற்றிச் சொன்னீர்களா? ராவில் எடுத்தால் ஒயிட் பேலன்ஸை வீட்டில் உட்கார்ந்து மாற்றலாம், இவ்வளவு பேச்சே தேவையில்லை.

சூலூர் ஷட்டர்
ராவில் எடுத்தாலும் முட்டிப்போன சிவப்பு திரும்பி வராது என்று நீங்கள்தானே சொல்ல வேண்டும் அண்ணா.

பவானிக் கரை
எனக்கு ஒரு சந்தேகம். வீட்டில் உட்கார்ந்து மாற்றினால் அது மஞ்சளின் நிறமா, உங்கள் நிறமா? ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள், அதைக் கொண்டுபோய் லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் முக்கி எடுத்தால் என்ன நியாயம்? எங்கள் பவானி ஜமக்காளத்தையும் இப்படித்தான், இணையத்தில் பார்த்தால் பளபளவென்று ஏதோ பட்டு என்று நினைக்கத் தோன்றும், வாங்கிப் பிரித்தால் வேறு. தறிக்காரரைத்தான் திட்டுகிறார்கள்.

சூலூர் ஷட்டர்
நீங்கள் சொல்கிற பளபளப்பு பவர்லூம் துணியாகக்கூட இருக்கும், எடிட்டிங்கைக் குறை சொல்லாதீர்கள். கைத்தறி ஜமக்காளத்தைப் பகலில் எடுத்தால் எந்த எடிட்டும் இல்லாமலே அந்தப் பட்டைகள் நிற்கும்.

பவானிக் கரை
எங்கள் ஊரிலேயே வந்து கைத்தறி எது பவர்லூம் எது என்று எங்களுக்குச் சொல்கிறீர்களாக்கும். போர்டில் கைத்தறி, உள்ளே என்ன என்பது எங்களுக்குத் தெரியாதா.

கொடுமுடிக்காரன்
ஜமக்காளத்தைச் சுருட்டி வையுங்கள். அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருக்கிறது.

திருப்பூர் லேப் டிப்
எடிட் பற்றி என் கருத்து: கண்ணுக்குத் தெரிந்ததை நோக்கிக் கொண்டுவந்தால் திருத்தம், அதைத் தாண்டினால் விளம்பரம். ஒரு விரலியைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப்போய் ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்ப்பதற்கு முன்னால் போன் திரையை, நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட் மோடிலிருந்து நேச்சுரலுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சும்மா அனுப்பினால் அது நசுக்கிவிடும்.

ஈரோட்டுக்காரி
எல்லோருக்கும் நன்றிங்க. நிழலில் தள்ளி வைத்து, கெல்வினைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி எடுத்தேன். மஞ்சள் வந்துவிட்டது. சேலை மடிப்பும் இப்போது தெரிகிறது, ஆனால் நேரில் இருந்த அந்த ராணி கலர் இல்லை, சற்று மந்தமாக இருக்கிறது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

திருப்பூர் லேப் டிப்
சேலையை அதற்கு மேல் கொண்டுவர முடியாதுங்க. அந்த மாதிரிச் சாயங்களின் நிறம் எஸ்ஆர்ஜிபி என்கிற திரை நிற வரம்பின் எல்லைக்கு வெளியே விழும், சாதாரணத் திரையில் அதைக் காட்டவே வழி கிடையாது. பக்கத்தில் கிளிப்பச்சையோ சாம்பலோ இருக்கிற மாதிரி எடுத்திருந்தால் கண்ணுக்குக் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும்.

பழைய நெகட்டிவ்
எக்ஸ்போஷரை இறக்கச் சொன்னது யார் என்று மேலே பார்க்கவும்.

கொடுமுடிக்காரன்
பாலிஷ் போட்டதா இல்லையா என்று கடைசிவரை சொல்லவே இல்லை பாருங்கள்.