புதுப்பிப்பு: வெளியே திரியும் பூனைக்குக் கழுத்துப்பட்டை

வெளியே போய்வரும் எங்கள் பூனைக்குக் கழுத்துப்பட்டை போடலாமா, கிளையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

போட்டுவிட்டோம். ஆனால் இழுபட்டால் தானாகக் கழன்றுவிடும் கொக்கி உள்ள பட்டை மட்டும்தான். எலாஸ்டிக் பட்டை போதும் என்று சிலர் சொன்னீர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அது நீளும்போது பூனையின் முன்னங்கால் உள்ளே நுழைந்துவிடும், அப்புறம் அக்குளை அறுத்து ஆழமான புண்ணாகிவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். வளரும் குட்டி என்றால் அடிக்கடி பார்த்துத் தளர்த்துங்கள்.

கழன்று விழும் பட்டை தொலையத்தான் செய்யும். அதனால் பூனை யாருடையது என்று கண்டுபிடிக்க மைக்ரோசிப்பும் வைத்தாச்சு. அரிசி அளவுதான், தோலுக்கடியில் ஊசியால் வைக்கிறார்கள். பூனை இருக்கும் இடத்தை அது காட்டாது. ஸ்கேனரில் ஓர் எண் மட்டும் வரும், பெரும்பாலும் 15 இலக்கம். அந்த எண்ணை வைத்துப் பதிவில் பார்த்தால்தான் உங்கள் விவரம் கிடைக்கும். அதனால் உங்கள் தொலைபேசி எண் மாறினால் பதிவிலும் மாற்றிவிடுங்கள்.

பட்டையில் மணி கட்டினால் பயன் உண்டா என்று கேட்டவருக்கு: பறவைகள் தப்பிக்க ஓரளவு உதவும், வண்டியிலிருந்து பூனையைக் காப்பாற்றாது. என் பெரிய கவலை அந்த வண்டிகள்தான். இருட்டுவதற்கு முன் சாப்பாடு வைத்து உள்ளே கூப்பிட்டுவிடுகிறோம், விடியும்வரை கதவைத் திறப்பதில்லை. கருத்தடையும் செய்துவிட்டதால் ரொம்ப தூரம் அலைவதும் குறைந்திருக்கிறது.