"இதே இடம்தானா?" என்று கேட்பவர்களுக்கு: என் பரிசுத்த தேசப் பயணம்

இயேசு வாழ்ந்த பரிசுத்த தேசத்துக்குப் போய் வந்தேன் என்று சொன்னாலே அடுத்து வருவது ஒரே கேள்விதான்: "நிஜமாவே அதே இடம்தானா, இல்ல சும்மா காட்டுறாங்களா?" நியாயமான கேள்வி. வருஷக்கணக்கில் பணம் சேர்த்துப் போகிறவர்கள் கேட்கத்தான் வேண்டும். என் பதில், இடத்துக்கு இடம் மாறும் என்பதுதான். சில இடங்களில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. சிலவற்றைப் பாரம்பரியம் சொல்கிறது, அவ்வளவுதான். எது எந்த வகை என்று தெரிந்துகொண்டு போனால் எங்கே நிதானமாக உட்கார வேண்டும், எங்கே சீக்கிரம் நகரலாம் என்பது பிடிபடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2019-ல் சபைக் குழுவோடு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது, முழங்கால் வலி வேறு. ஜோர்டான் வழியாக நுழைந்தோம். நேபோ மலை உச்சியில் நின்றால் கீழே யோர்தான் பள்ளத்தாக்கும் சவக்கடலும் விரிந்து கிடக்கின்றன, வானம் தெளிவாக இருந்தால் எரிகோ வரை தெரியும். எங்கள் சபைப் போதகர் ஐயர் அங்கேயே நின்று உபாகமத்தின் கடைசி அதிகாரத்தை வாசித்தார். நாற்பது வருஷம் ஜனத்தை நடத்தி வந்த மோசே, வாக்களிக்கப்பட்ட தேசத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு மரித்துப்போன இடம். "நமக்கு உள்ளே போகக் கிடைச்சிருக்கே" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வடக்கே ஷேக் உசேன் பாலத்தில் எல்லையைக் கடந்தோம். இஸ்ரேலில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, தனியாக ஒரு சின்னச் சீட்டுத் தருவார்கள். அதைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கலிலேயா. என்னைக் கேட்டால் மொத்தப் பயணத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கோவிலை இடிக்கலாம், தெரு மண்ணுக்குள் போகலாம், ஆனால் ஏரி எங்கே போகும்? கலிலேயாக் கடல் என்று வேதத்தில் படிக்கிறோம், அது நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலமான இடத்தில் 13. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 210 மீட்டர் கீழே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் கிடக்கிறது. பிற்பகலில் மேற்கேயிருந்து வரும் காற்று மலை இடுக்குகள் வழியாக வேகமாக இறங்கும்போது தண்ணீர் சட்டென்று கொந்தளித்துவிடும். சீஷர்கள் தொழில் தெரிந்த மீனவர்கள், அவர்களே ஏன் அப்படிப் பயந்தார்கள் என்பது அங்கே போனால் விளங்கும்.

படகில் ஏறியதும் நம் நாட்டுக் கொடியை ஏற்றித் தேசிய கீதம் போடுவார்கள், அப்புறம் பாட்டு. அன்போடு செய்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடு ஏரியில் இஞ்சினை நிறுத்தச் சொல்லி ஐயர் கேட்டபோது படகுக்காரருக்கு முகமே மலர்ந்துவிட்டது. வயதானவர். தன் அப்பா இதே ஏரியில் வலை போட்டவர் என்றும், மத்தியானத்துக்கு மேல் அவரைத் தண்ணீரில் இறங்க வீட்டில் விடமாட்டார்கள் என்றும் சொன்னார். இயேசு புயலை அடக்கிய மாற்கு நாலாம் அதிகாரத்துக்கு இப்படி ஒரு விளக்கவுரையை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

ஏரிக்கரையில் கினோசாரில் இருக்கும் பழைய படகைத் தவறவிடாதீர்கள். 1986-ல் வறட்சியால் ஏரி வற்றியபோது மீனவர்களான அண்ணன் தம்பி இருவர் சேற்றில் கண்டெடுத்தது. சுமார் எட்டு மீட்டர் நீளம், இயேசுவின் காலத்தை ஒட்டியது. பேதுருவின் படகு என்று யாரும் உரிமை கொண்டாடவில்லை, எனக்கு அந்த நேர்மை பிடித்தது. பக்கத்தில் போய்ப் பாருங்கள்: ஒரே மரத்தில் செய்ததல்ல, கேதுரு, கருவாலி என்று கிடைத்த மரத்தையெல்லாம் ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். வசதியில்லாத ஒரு குடும்பத்தின் பிழைப்பு அந்த ஒட்டுகளில் தெரிகிறது.

கப்பர்நகூமிலும் சந்தேகம் கிடையாது, ஊர் அதேதான். வெள்ளைச் சுண்ணாம்புக்கல் ஜெப ஆலயம் நாலு, ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் அடியில் கறுப்பு எரிமலைக் கல்லில் பழைய அடித்தளம் தெரிகிறது, இயேசு பிரசங்கித்த ஜெப ஆலயம் அதுதான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சில அடி தள்ளி பேதுருவின் வீடு என்று ஆதிக் கிறிஸ்தவர்கள் கூடி ஜெபித்த வீடு. அதற்கு மேலே 1990-ல் தூண்களில் நிற்கும் ஓர் ஆலயம் கட்டி, தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், குனிந்து பார்க்கலாம்.

எல்லோரும் அந்தக் கண்ணாடியைச் சுற்றி நின்றபோது அம்மாவைக் காணோம். தேடிப் போனால், வெளியே வரிசையாகக் கிடக்கும் கறுங்கல் திரிகைகளில் ஒன்றின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், அந்த முழங்கால் வலியோடு. கல்லின் உட்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே, "ஜுரம் விட்டதும் எழும்பி எல்லாருக்கும் பணிவிடை செஞ்சாளே பேதுரு மாமியார், இந்த மாதிரி கல்லுலதான் மாவு அரைச்சிருப்பா" என்றார். தேய்ந்து வழவழப்பாகிப்போன கல். எந்த வழிகாட்டியும் அந்த இடத்தில் எங்களை நிறுத்தவில்லை. கலிலேயாவில் நான் கண்டதில் மேலானது எது என்று கேட்டால் அந்தத் திரிகையைத்தான் சொல்வேன்.

நாசரேத்தையும் கானாவூரையும் வேகமாகக் கடந்துவிடுகிறேன். கல்யாண வீட்டில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூரில் தம்பதிகள் திருமண உடன்படிக்கையைப் புதுப்பிக்கிறார்கள், ஜோடியாகப் போகிறவர்களுக்கு மனசு நிறையும்.

யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானத்துக்கு இரண்டு இடங்களைச் சொல்வார்கள். ஏரியின் தென்முனையை ஒட்டிய யார்தெனித்தில் தண்ணீரும் தெளிவு, வசதியும் அதிகம். ஆனால் யோவான் ஞானஸ்நானம் கொடுத்ததாகப் பாரம்பரியம் சொல்வது தெற்கே, எரிகோவுக்குக் கிழக்கே, கஸ்ர் அல்-யஹூத். போகும் வழியில் இருபக்கமும் கம்பிவேலி, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள். ஆறு மண்ணிறமாக, கூப்பிட்டால் கேட்கும் அகலத்தில் ஓடுகிறது. எதிர்க்கரை ஜோர்டான் நாடு. அங்கேயும் அதே ஞானஸ்நான இடம் உண்டு, அல்-மக்தாஸ் என்று பெயர், 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நாங்கள் இறங்கிய நேரம் எதிர்க்கரையில் கறுப்பு அங்கி போட்ட ஒரு குருவானவர் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பாட்டு தானாக நின்றுவிட்டது. அவர் முடித்துவிட்டு எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். நடுவில் எல்லைக் கயிறு, இரு கரையிலும் துப்பாக்கியோடு சிப்பாய்கள். இக்கரையில் நாங்கள் எல்லோரும் ஆமென் சொன்னோம்.

பெத்லகேம் பாலஸ்தீன நிர்வாகத்தில் இருக்கிறது. எருசலேமிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் நடுவில் உயரமான சுவரும் சோதனைச்சாவடியும் உண்டு. எங்கள் யூத வழிகாட்டி அங்கே வர அனுமதியில்லை, உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து ஏறினார். பிறப்பின் ஆலயத்துக்குள் போகும் வாசல் ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரம்தான், யாரானாலும் குனிந்துதான் போக வேண்டும். கீழே குகையில் பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரம். நெரிசல் அதிகம், தொட்டுக் கும்பிட நேரம் கிடைத்தாலே பெரிது. இந்தக் குகையை இயேசு பிறந்த இடமாக இரண்டாம் நூற்றாண்டிலிருந்தே காட்டி வந்திருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் நெரிசல் பெரிதாகத் தோன்றாது.

என்னை அசைத்தது ஆலயத்துக்கு வெளியே கேட்ட ஒரு கேள்வி. ஒலிவ மரத்தில் சிற்பம் செதுக்கும் ஒரு பெரியவரின் பட்டறைக்குப் போனோம். மரத்தை வெட்டுவதில்லை, கவாத்து செய்த கிளைகள்தான் என்று காட்டினார். நன்றாகக் காயவிடாமல் உளி வைத்தால் வெடித்துவிடுமாம். அரபு கிறிஸ்தவர். ஒரு காலத்தில் பெத்லகேமில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் இப்போது சிறுபான்மை, பிள்ளைகள் வேலை தேடி வெளிநாடு போய்விடுகிறார்கள். நாங்கள் ஆட்டுக்குட்டிப் பொம்மைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "எல்லாரும் வந்து நட்சத்திரத்தைத் தொட்டுட்டுப் போறீங்க. ஞாயித்துக்கிழமை எங்களோட ஆராதனைக்கு ஏன் ஒருத்தரும் வர்றதில்லை?" எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை. எங்கள் பயணத்திட்டத்தில் அதற்கு நேரமே ஒதுக்கியிருக்கவில்லை.

எருசலேமுக்கு வருவோம். சிலுவைப்பாதை சந்தைத் தெருக்கள் வழியாகத்தான் போகிறது. மசாலா மூட்டை, துணிக்கடை, எள் தூவிய வளைய ரொட்டி தள்ளுவண்டி என்று அதன் நடுவே பாட்டுப் பாடிக்கொண்டு நடக்க வேண்டும். சிலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. எனக்கு அப்படியில்லை, அன்றைக்கும் பஸ்கா கூட்டத்தின் நடுவேதானே அவர் சிலுவை சுமந்தார்? இன்றைய பாதை பிற்காலத்தில் வகுத்தது, முதல் நூற்றாண்டுத் தெருக்கள் பல அடி ஆழத்தில் புதைந்து கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை பிற்பகலில் பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்தும் சிலுவைப்பாதையில் யாரும் சேர்ந்துகொள்ளலாம்.

இயேசுவின் சிலுவையும் கல்லறையும் இருந்த இடம் என்று காட்டும் கல்லறை ஆலயத்தில்தான் "இதே இடம்தானா" என்ற கேள்வி பலமாக எழும். மதில்சுவருக்கு வெளியே என்று வேதம் சொல்கிறது, ஆலயமோ பழைய நகரத்துக்கு உள்ளே இருக்கிறது. ஆனால் இயேசுவின் காலத்தில் அந்த இடம் மதிலுக்கு வெளியேதான் இருந்தது, சில ஆண்டுகள் கழித்துத்தான் நகரம் அந்தப் பக்கம் விரிந்தது. ஆலயத்துக்குள்ளேயே சிரியன் சிற்றாலயத்தின் பின்னால் அந்தக் காலத்துப் பாறைக் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. 2016-ல் இயேசுவின் கல்லறைமேல் இருந்த பளிங்கு மூடியை அகற்றியபோது அடியில் சுண்ணாம்புப் பாறைப் படுக்கை தெரிந்தது, அங்கே எடுத்த சாந்தை ஆராய்ந்ததில் நாலாம் நூற்றாண்டு என்று வந்தது. அங்கே முதல் ஆலயத்தைக் கட்டிய ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தோடு அது ஒத்துப்போகிறது. நூறு சதவீதம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் நான் நம்பிக்கையோடுதான் முழங்கால்படியிட்டேன்.

ஆறு சபைகள் அங்கே இடத்தைப் பங்கிட்டிருக்கின்றன, கதவின் சாவியும் திறக்கும் பொறுப்பும் தலைமுறைகளாக இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம். எங்கள் சபைப் பழக்கத்துக்கு அந்தத் தூபமும் தொங்கும் விளக்குகளும் புதிது, அம்மா கொஞ்சம் ஒதுங்கியே நின்றார். நுழைந்ததும் எதிரே, இயேசுவின் உடலை அடக்கத்துக்கு ஆயத்தப்படுத்திய இடமாகக் காட்டும் அபிஷேகக் கல், சிவந்த நிறத்தில். வெள்ளை முக்காடு போட்ட எத்தியோப்பியப் பாட்டி ஒருவர் அதன்மேல் வாசனை எண்ணெய் ஊற்றித் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்து, அந்தத் துணியால் இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துவிட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. "யேசுஸ்" என்றார் பாட்டி. "ஆமா, இயேசு" என்றார் அம்மா. அப்புறம் அம்மா ஒதுங்கி நிற்கவில்லை. ஆலயத்துக்குள்ளேயே கல்வாரிக்கு ஏறும் குறுகலான செங்குத்துப் படியில் அந்தப் பாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டே ஏறிவிட்டார்.

அமைதி வேண்டுமென்றால், இயேசுவின் கல்லறை என்று சிலர் காட்டும் இன்னொரு இடமான தோட்டக் கல்லறைக்குப் போங்கள். அந்தக் கல்லறை இயேசுவின் காலத்துக்குப் பல நூற்றாண்டு முந்தியது என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் மர நிழலில் உட்கார்ந்து திருவிருந்து எடுக்க அதைவிட நல்ல இடம் எருசலேமில் நான் பார்க்கவில்லை. இயேசு வியாதிக்காரனைக் குணமாக்கிய பெதஸ்தா குளத்தின் கதை இதற்கு நேர்மாறு: அப்படி ஒரு குளமே இல்லை என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள், தோண்டியபோது இரட்டைக் குளமாகவே கிடைத்தது. பக்கத்தில் சிலுவைப்போர் காலத்துப் புனித அன்னாள் ஆலயம், மெதுவாகப் பாடினாலும் குரல் சுவரெல்லாம் சுற்றி வரும். நாங்கள் தமிழில் பாடத் தொடங்க, பின்னால் நின்ற கொரியக் குழு அதே ராகத்தைத் தங்கள் மொழியில் சேர்த்துப் பாடியது. ஒலிவமலையில் பரமண்டல ஜெபம் நூற்றுக்கும் மேலான மொழிகளில் பதித்திருக்கும் ஆலயத்தில் தமிழும் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். 2023 அக்டோபரில் காசா போர் தொடங்கிய பிறகு அங்கே நிலைமை மாறிவிட்டது, வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். தோளும் முழங்காலும் மூடும் உடை கட்டாயம். பழைய நகரத்தின் கல் தரை வழுக்கும், செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். கடைகளில் டாலர் வாங்குவார்கள், சில்லறைச் செலவுக்கு ஷேக்கல் நாணயம் கையில் இருக்கட்டும். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை யூதப் பகுதிகளில் கடையும் பஸ்ஸும் ஓடாது. கல்லறை ஆலயத்துக்கு விடியற்காலையில் போய்விடுங்கள், வரிசை குறைவு. வயதானவர்களோடு போனால் ஒரு நாளில் இரண்டு மூன்று இடங்களுக்கு மேல் வைக்க வேண்டாம் என்று ஏஜென்ட்டிடம் அடித்துச் சொல்லுங்கள். எட்டு இடம் காட்டுகிறேன் என்பார்கள், எட்டும் பஸ் ஜன்னல் வழியாகத்தான்.

முக்கியமாக, பயணத்திட்டம் போடும்போதே ஒரு ஞாயிறு காலையைக் காலியாக விடச் சொல்லுங்கள். பெத்லகேமில் லூத்தரன் கிறிஸ்துமஸ் ஆலயத்தில் அரபியில் ஆராதனை நடக்கிறது, எருசலேமில் ஆங்கிலிக்கன் புனித ஜார்ஜ் பேராலயம் இருக்கிறது. மொழி புரியாவிட்டாலும் திருவிருந்து முறை நமக்குத் தெரிந்ததுதான். நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவரின் பட்டறை பெத்லகேமில் பிறப்பின் ஆலயத்துக்குப் பக்கத்தில்தான், போகிறவர்கள் தனியாகச் செய்தி அனுப்பினால் வழி சொல்கிறேன்.