ஓவர்ரைடுக்கு 'பிறிதமைவு': ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

உரைத்திருத்திகளைத் தமிழாக்கும்போது ஓவர்ரைடு (override: ஓர் அமைவு இருக்க, அதற்குப் பதில் வேறோர் அமைவு செல்லுபடியாவது) வரும் இடத்துக்கு இதுவரை பெரும்பாலும் வந்த சொற்கள் 'மேலெழுதல்', 'மீறல்' இரண்டும்தான். இரண்டையும் விம் திருத்தியின் அமைவுக் கோப்புகளில் பொருத்திப் பார்த்தேன். சரியாக உட்காரவில்லை.

முதலில் மேலெழுதல். ஒரே பெயரில் சேமிக்கப் போனால் "ஏற்கெனவே உள்ள கோப்பை மேலெழுதவா?" என்று கேட்கிறோமே, அது ஓவர்ரைட் (overwrite). அங்கே பழையது போய்விடும். ஓவர்ரைடில் எதுவும் அழிவதில்லை. பத்துப் பேர் பயன்படுத்தும் கணினியில் நிர்வாகி பொதுக் கோப்பில் டேப் அகலம் 8 என்று வைக்கிறார். ஒருவர் தன் வீட்டு அடைவில் உள்ள கோப்பில் 4 என்று எழுதுகிறார். அவருக்கு மட்டும் 4, மற்ற ஒன்பது பேருக்கும் 8தான். தன் வரியை நீக்கிவிட்டால் அவருக்கும் 8 திரும்பி வரும். இதை மேலெழுதல் என்றால், புதிதாக வருபவர் பொதுக் கோப்பே கெட்டுவிடுமோ என்று கைவைக்கவே பயப்படுவார்.

மீறல் இன்னும் மோசம். பொது அமைவு என்பதே 'உனக்கு வேறு வேண்டுமென்றால் மாற்றிக்கொள்' என்று நிர்வாகி தரும் தொடக்கம். தந்த உரிமையைப் பயன்படுத்துபவரைப் போய் மீறியவர் என்பதா? தனி ஆள் கணினியில் நிர்வாகியும் அவரே, பயனரும் அவரே. யாரை யார் மீறுவது? உண்மையில் பூட்டி வைக்கும் இடங்கள் வேறு. நானோ என்ற திருத்தியைக் கட்டுப்படுத்திய முறையில் திறந்துகொடுத்தால், பெயருள்ள கோப்பை வேறு பெயரில் சேமிக்க முடியாது. அதைத் தாண்டினால்தான் மீறல். அந்தச் சொல்லை அங்கே பயன்படுத்த விட்டுவைப்போம்.

சரி, வேறு என்ன சொல்? தொல்காப்பிய உரையாசிரியர்கள் இதே நிலையைக் கையாண்டிருக்கிறார்கள். பொதுவிதி ஒன்றைச் சொல்லி, ஓரிடத்தில் மட்டும் வேறு விதி வரும்போது 'எய்தியது விலக்கிப் பிறிதுவிதி வகுத்தது' என்பார்கள். பொதுவிதி அப்படியே நிற்கும், அந்த இடத்துக்கு மட்டும் வேறு. நமக்கு வேண்டியதும் இதுதான். அதிலிருந்து 'பிறிதமைவு' என்று எடுக்கிறேன். வினையாக 'பிறிதமை', 'பிறிதமைக்கும்'.

கடினமான இடத்தில் சோதித்தேன். விம் 8 வந்ததிலிருந்து, பயனருக்குச் சொந்தக் கோப்பு இல்லையென்றால் நிரலோடு வரும் இயல்பிருப்பு (default) கோப்பு ஒன்று தானாகப் படிக்கப்படுகிறது, அதுவும் நிர்வாகியின் கோப்புக்குப் பின்னால். நிர்வாகி சுட்டியை முடக்கி வைத்திருந்தாலும் அது திரும்ப இயங்கக்கூடும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் தரும் விம் பொதுக் கோப்பிலேயே இதற்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பு உண்டு. அதை இப்படி எழுதினேன்: "பயனர் கோப்பு இல்லாதபோது இயல்பிருப்புக் கோப்பு கடைசியில் படிக்கப்படும், இங்குள்ள அமைவுகளை அது பிறிதமைக்கும்." படிக்கும்போது எங்கும் இடறவில்லை. 'மீறும்' என்று போட்டிருந்தால் நிரலே தவறு செய்வதுபோல் தோன்றியிருக்கும்.

இமாக்ஸ் என்ற திருத்தியில் நிர்வாகிக்கு இரண்டு கோப்புகள். ஒன்று பயனரின் கோப்புக்கு முன்பும், மற்றொன்று பின்பும் படிக்கப்படும். பின்னால் வருவது வேண்டாம் என்றால் பயனர் தன் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். முன்னால் வருவதைத் தவிர்க்க, திறக்கும்போதே கட்டளையில் சொல்ல வேண்டும். அதாவது பிறிதமைவு இரு பக்கமும் போகும்: நிர்வாகியின் பின்கோப்பு பயனரைப் பிறிதமைக்கும், பயனர் அந்தக் கோப்பையே விலக்கலாம். 'பயனர் மாற்றம்' என்று ஒரு நண்பர் முன்பு சொன்னது எளிமைதான், ஆனால் இந்த எதிர்த்திசைக்கு அது பொருந்தாது.

'பிறிது' பழஞ்சொல்லாயிற்றே என்று தயங்குபவர்கள் இருக்கலாம். 'இயல்பிருப்பு' வந்தபோதும் எனக்கு அந்தத் தயக்கம் இருந்தது. இன்று யோசிக்காமல் எழுதுகிறேன். எதிர்ப்பு இருந்தால், எந்த வரியில் இடறுகிறது என்று அந்த வரியோடு சொல்லுங்கள். விம் மொழிபெயர்ப்புப் பட்டியலில் ஓவர்ரைடு வரும் வரிகளை அதுவரை மொழிபெயர்க்காமல் விட்டுவைக்கிறேன்.