ரைஸ் டர்போ ஏத்தத்துல மிஸ் அடிக்குது, செக் லைட் மின்னுது. கொயில் மூணும் மாத்தணுமா?

டிக்கோயா ஹயர்காரன்:

தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. வண்டி டொயோட்டா ரைஸ், 1000 சிசி டர்போ, சிவிடி கியர். 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிறுத்துறதுக்குக் கொஞ்சம் முந்தி வந்த செட். ஹட்டன்ல ஹயர் ஓடுறேன்.

கொழும்பு போயிட்டுத் திரும்புறப்ப அவிசாவளை, கித்துல்கல வரைக்கும் ஒரு குறையும் இல்ல. கினிகத்தேன ஏத்தத்துல ஆக்சிலேட்டர மிதிச்ச உடனே வண்டி வெட்டி வெட்டி இழுக்குது. செக் லைட் மினுக் மினுக்குன்னு மின்னுது. காலை எடுத்தா மின்னுறது நின்னு சும்மா எரியுது. ஸ்லோல நிப்பாட்டி வச்சா எஞ்ஜின் நல்லாத்தான் ஓடுது. மழையும் பனியுமா இருந்தா இன்னும் மோசம்.

டவுன்ல ஒரு கராஜ்ல ஸ்கேன் போட்டாங்க. பி0302ன்னு வந்துச்சு. டர்போ காத்தக் குளிராக்குற இன்டர்கூலரோட குழாயக் கழட்டி டோர்ச் அடிச்சும் பாத்தாங்க. "கொயில் மூணும் மாத்தணும், டர்போவும் போற மாதிரித்தான் இருக்கு"ன்னு ஒரு கணக்குக் குடுத்தாங்க. அந்தக் கணக்குக்கு நான் இன்னொரு லீசிங் போடணும். சிவனொளிபாதமலை சீசன், நல்லதண்ணி ஹயர் வந்துக்கிட்டே இருக்கு. நெசமாவே மூணும் மாத்தணுமா?

கம்பளை சேகர்:

அண்ணே, ஒக்டேன் 95 அடிச்சுப் பாருங்க. டர்போ வண்டிக்கு 92 ஒத்துக்காது. கூடவே ஒரு இன்ஜெக்டர் கிளீனர் போத்தல் ஊத்துங்க.

பண்டாரவளை கராஜ்:

95 அடிக்கிறதுல நட்டம் பர்ஸுக்கு மட்டும்தான், அடிங்க. ஆனா இந்த எஞ்ஜின ஜப்பான்ல ரெகுலர் பெற்றோலுக்குத்தான் செஞ்சிருக்காங்க. 92 போட்டதுக்காக ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் கோவிச்சுக்காது. பி0302ன்னா ரெண்டாம் சிலிண்டர் எரியலன்னு அர்த்தம். ஏன் எரியலன்னு அந்தக் கோட் சொல்லாது. பொறி விடுற ப்ளக், அதுக்குக் கரண்ட் குடுக்கிற கொயில், பெற்றோல் பீய்ச்சுற இன்ஜெக்டர், சிலிண்டருக்குள்ள அமுக்கம் (கம்ப்ரஷன்), நாலுல எதுவா இருந்தாலும் இதே நம்பர்தான் வரும். கோடப் பாத்துட்டு மூணு கொயிலுக்கும் பில் எழுதுறது வைத்தியம் இல்ல, வியாபாரம்.

தம்பி, முதல்ல ஒண்ணு. லைட் மின்னும்போது மிதிக்காதீங்க. எரியாத பெற்றோல் சைலன்சர்ல இருக்கிற கெட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்குள்ள போய் எரியும். அது உருகி அடைச்சுக்கிட்டா கொயில் செலவு சில்லறையா தெரியும். மின்னினா காலை எடுத்து மெதுவாப் போய் ஓரங்கட்டணும். ஏத்தத்துல பின்னால பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான், அடிக்கட்டும்.

இப்ப நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. ப்ளக் எப்ப மாத்தினீங்க? கோட் விழுந்த நேரத்து விவரம் ஸ்கேனர்ல இருக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம்னு சொல்லுவாங்க, அதுல ஆர்பிஎம், லோட் (எஞ்ஜின் மேல உள்ள சுமை) எவ்வளவு? கடைசியா பொனட்டுக்குள்ள யாராவது தண்ணி அடிச்சாங்களா?

வட்டவளை ராஜன்:

ஸ்கேன் எல்லாம் எதுக்கு. கொயிலக் கழட்டி ஒரு ப்ளக்கச் சொருகி எஞ்ஜின் பொடில வச்சு ஸ்டார்ட் அடிங்க. பொறி பாஞ்சா கொயில் நல்லது, பாயலன்னா போச்சு. எங்க மாமா லொறிக்கு இப்பிடித்தான் பாப்பாரு.

பண்டாரவளை கராஜ்:

ராஜன், மாமா பாத்த காலத்து லொறிக்கு அது சரி. இந்த வண்டில வேணாம். அர்த் சரியாப் படலன்னா கொயிலுக்குள்ள இருக்கிற எலெக்ட்ரோனிக்ஸ் போயிரும், கையில அடிச்சாலும் அடிக்கும். அதவிட முக்கியம், வெளிய பொறி பாயிறத வச்சு ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது.

ஏன்னா இவருக்குக் கோளாறு ஏத்தத்துல மட்டும்தான். டர்போ காத்த அமுக்கி உள்ள தள்ளுறப்ப ப்ளக்கோட இடைவெளியில காத்து அடர்த்தியாகுது. காத்து அடர்த்தியாக ஆக, பொறி பாய வோல்டேஜ் கூட வேணும். ஸ்லோல சுமார் 10000 வோல்ட்ல பாயிற பொறிக்கு முழு பூஸ்ட்ல, அதாவது டர்போ முழுசா அமுக்குறப்ப, 20000, 25000ன்னு தேவைப்படும். அந்த நேரத்துல எங்கயாவது ஒழுக்கு இருந்தா கரண்ட் இடைவெளியத் தாண்டாம லேசான வழியா அர்த்துக்குப் போயிரும். வெளிக்காத்துல அமுக்கமே இல்ல, பாதி செத்த கொயில்கூட நீலப் பொறி காட்டும்.

நம்ம ஊருக்கு இன்னொண்ணும் இருக்கு. கடல் மட்டத்துல காத்தமுக்கம் 101 கிலோபாஸ்கல். 1868 மீற்றர் உயரத்துல இருக்கிற நுவரெலியாவுல 81 சுமார்தான். டர்போ இல்லாத வண்டி அங்க மூச்சு வாங்கும், பவர் குறையும், ப்ளக்குக்கும் வேலை குறையும். டர்போ வண்டில கொம்பியூட்டர் குறைஞ்சதை டர்போவ வச்சு ஈடு கட்டப் பாக்கும். உதாரணத்துக்கு உள்ள 180 வேணும்னா கொழும்புல காத்த 1.8 மடங்கு அமுக்கினாப் போதும், நுவரெலியாவுல 2.2 மடங்கு அமுக்கணும். அதனால இங்க டர்போவுக்குப் பாடு கூட, ப்ளக்குக்கும் லீவு கிடையாது. தெற்கால சமதரையில ஒண்ணும் தெரியாம ஓடுற ப்ளக் இங்க வந்து மாட்டிக்கிறது இதனாலதான்.

டிக்கோயா ஹயர்காரன்:

நன்றி அண்ணே. கூட்டாளிகிட்ட ஸ்கேன் பாக்குற டொங்கிள் வாங்கிப் பாத்தேன். ஆர்பிஎம் 2900, லோட் 94, கூலண்ட் 88 டிகிரி. ப்ளக் நான் மாத்தவே இல்ல, வண்டியோட வந்ததுதான். தண்ணின்னு கேட்டீங்களே, சீசன் தொடங்க முந்தி சேர்விஸ் ஸ்டேஷன்ல பொடி வோஷ் போட்டப்ப பொனட்டத் தெறந்து எஞ்ஜினுக்கும் பிரஷர்ல அடிச்சுக் குடுத்தாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

பண்டாரவளை கராஜ்:

இருக்கலாம். லோட் 94ன்னா முழு பூஸ்ட், எஞ்ஜினும் சூடு. என் சந்தேகம் பொறி பக்கம்தான். ஆனா சாமான் வாங்காதீங்க, முதல்ல இடம் மாத்திப் பாருங்க.

எஞ்ஜின் ஆறட்டும். செயின் இருக்கிற பக்கத்துல இருந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுங்க. ரெண்டாவது கொயில ஒண்ணுலயும், ஒண்ணாவது கொயில ரெண்டுலயும் போடுங்க. ப்ளக்கத் தொட வேணாம். கோட அழிச்சுட்டு அதே மாதிரி ஒரு ஏத்தத்துல கொஞ்ச தூரம் மிதிங்க, மின்னின உடனே காலை எடுங்க. பி0301 வந்தா கோளாறு கொயிலோட நகந்துருச்சு. பி0302வே வந்தா கொயில் இல்ல, அந்த சிலிண்டர்லயே ஏதோ இருக்கு.

கிளிநொச்சி வாசன்:

என்னட்டையும் இதே வாகனம் தான் நிக்குது. இஞ்ச ஒரு பிரச்சினையும் இல்லை. ஏ9ல கொழும்புக்குப் போய் வாறன், ஒருக்காலும் வெட்டினதில்லை. அப்ப மலைநாட்டுக்கு இந்தக் கார் சரிவராது எண்டு சொல்லுறியளோ?

பண்டாரவளை கராஜ்:

அப்பிடி இல்லைங்க. உங்க ரோட்டுல முழு பூஸ்ட் வர்றது ஒரு லொறிய ஓவர்டேக் பண்ற நேரம் மட்டும்தான். இங்க பெரகலையில இருந்து ஹப்புத்தளை ஏறி முடியிற வரைக்கும் டர்போ கைய எடுக்காது. உங்க ப்ளக்கும் தேஞ்சிருக்கலாம், ஆனா அதுக்கு யாரும் பரீட்சை வைக்கல.

டிக்கோயா ஹயர்காரன்:

மாத்திட்டு நோர்வூட் பக்கம் ஒரு ஏத்தத்துல மிதிச்சேன். இப்ப ரெண்டும் வருது அண்ணே, பி0301, பி0302. தலை சுத்துது.

வட்டவளை ராஜன்:

அப்ப ஈசியூ (எஞ்ஜின் கொம்பியூட்டர்) போச்சு. நான் அப்பவே நெனச்சேன்.

பண்டாரவளை கராஜ்:

ராஜன், கொஞ்சம் பொறுங்க.

தம்பி, இது எனக்கு நல்ல சேதி. கொயில் மட்டும் கெட்டிருந்தா 0301 மட்டும் வரணும். ப்ளக் மட்டும் கெட்டிருந்தா 0302 மட்டும் வரணும். ரெண்டும் வந்தா ரெண்டாவது ப்ளக்கும், அதுமேல உக்காந்திருந்த கொயிலோட ரப்பர் உறையும் (பூட்) ஒண்ண ஒண்ணு கெடுத்திருக்குன்னு சந்தேகப்படணும். கரண்ட் ப்ளக்கோட பீங்கான் மேல வழிஞ்சு ஒரு தடவ பாதை போட்டுட்டா, அதே பாதை ரப்பருக்குள்ளயும் விழுந்துரும். கெட்ட பூட்ட நல்ல ப்ளக்ல போட்டா அங்கயும் மிஸ். கெட்ட ப்ளக்ல நல்ல பூட்டப் போட்டாலும் மிஸ்.

ரெண்டாவது ப்ளக்கக் கழட்டுங்க. கழட்டுறதுக்கு முந்தி ஓட்டைக்குள்ள காத்தடிச்சு ஊதிருங்க, மண் சிலிண்டருக்குள்ள விழக்கூடாது. வெள்ளைப் பீங்கான நல்ல வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாருங்க. மேல இருந்து கீழ இரும்பு வரைக்கும் மெல்லிசாக் கறுப்புக் கோடு இருந்தா ஆள் அதுதான். பூட்டோட வாயையும் உள்பக்கமாப் பாருங்க. பீங்கானோட அடியில, இரும்பு தொடங்குற இடத்தச் சுத்தி மண்ணிறத்துல வளையமா ஒரு கறை இருந்தா அதுக்குப் பயப்பட வேணாம். ஹை வோல்டேஜ்ல சாதாரணமா வர்ற கறை அது. அதக் காட்டி ப்ளக் லீக்குன்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க.

டிக்கோயா ஹயர்காரன்:

இருக்கு அண்ணே, இருக்கு! பென்சிலால கீறின மாதிரி ஒரே கோடு, மேல இருந்து அடி வரைக்கும். ப்ளக்கோட நட்டு போடுற இடத்துல துரு வளையம். பூட்டுக்குள்ள அதே நேருக்குச் சாம்பல் நிறத்துல ஒரு தடம், நகத்தால சுரண்டினாலும் போகல. உள்ள இருக்கிற ஸ்பிரிங் பச்சை பூத்திருக்கு. ஓட்டையோட அடியில தண்ணி நின்னு காஞ்ச சேத்துத் தடம் தெரியுது. மத்த ரெண்டு ஓட்டையும் சுத்தம். மூணு ப்ளக்லயும் இடைவெளி பெரிசாத்தான் தெரியுது.

பண்டாரவளை கராஜ்:

துருவும் பச்சையும் தண்ணியோட கையெழுத்து. எண்ணெய் நின்னிருந்தா பூட் ஊறி மெத்துன்னு இருக்கும், அப்ப வால்வ் கவர் கேஸ்கட்டப் பாக்கச் சொல்லியிருப்பேன். பிரஷர்ல அடிச்ச தண்ணி அந்தக் குழிக்குள்ள நின்னு, சூட்டுல ஆவியாகி ரப்பருக்கும் பீங்கானுக்கும் நடுவுல போயிருக்கு. பனி நேரத்துல மோசமானதும் அதனாலதான். தேஞ்ச ப்ளக் வேற. இடைவெளி கூடினா வோல்டேஜ் கூட வேணும், வோல்டேஜ் கூடினா கரண்ட் லேசான வழியப் பாக்கும்.

வாங்க வேண்டியது மூணு ப்ளக், ஒரு கொயில். அந்தக் கொயிலுக்குப் பூட் தனியாக் கெடைச்சா பூட் மட்டும் போதும், ஆனா நம்ம பக்கம் தேடுறது கஷ்டம். மாத்த வேண்டியது ஆரம்பத்துல ரெண்டாவதுல இருந்து இப்ப ஒண்ணாவதுல இருக்கிற கொயில். கோடு விழுந்த ப்ளக்கத் துடைச்சுத் திருப்பிப் போடாதீங்க, அது துடைச்சாப் போகாது.

ப்ளக் வாங்குறப்ப கவனம். சேஸி நம்பர் சொல்லிக் கேளுங்க. டர்போ இல்லாத மொடலுக்கு வர்ற ப்ளக் மரையில சரியா உக்காரும், ஆனா ஹீட் ரேஞ்சும் (சூட்ட வெளியேத்துற அளவு) இடைவெளியும் வேற. டர்போ எஞ்ஜினுக்குப் பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீற்றர் அளவுலதான் குடுப்பாங்க, சாதாரண எஞ்ஜினுக்கு 1.0, 1.1 வரைக்கும் போகும். உங்க வண்டியோட அளவக் கையேட்டுல பாத்துக்குங்க. இரிடியம்னு பெட்டியில எழுதி உள்ள நடு முனை ஆணி மாதிரித் தடிப்பா இருந்தா வாங்காதீங்க. அசல்ல அது ஊசி மாதிரித்தான் இருக்கும். கையால சுத்தி உக்கார வச்சிட்டு டோர்க் ஸ்பேனர்ல இறுக்குங்க, அலுமினிய ஹெட். பூட்டோட வாயில கரண்ட் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் ஒரு துளி போதும்.

டர்போ போகுதுன்னு சொன்னாங்களே, நீல நிறத்துல புகை வருதா? இன்டர்கூலர் குழாய்க்குள்ள எண்ணெய் தேங்கி நிக்குதா? விசில் சத்தம் ஊளையா மாறிருச்சா? ஒண்ணும் இல்லன்னா டர்போவ விட்டுருங்க.

டிக்கோயா ஹயர்காரன்:

பொகையும் இல்ல, ஊளையும் இல்ல. ப்ளக் கண்டியில வாங்கினேன், கொயில் கொழும்பு பஞ்சிகாவத்தையில ரீகண்டிஷன் சாமான் ஒண்ணு பஸ்ல போட்டு விட்டாங்க. மாத்திட்டேன். ரெண்டு பக்கமும் ஆள் ஏத்திக்கிட்டு நானுஓயா ஏத்தம் ஏறினேன், ஒரு வெட்டு இல்ல. கோட் ஒண்ணும் வரல.

ஒரே ஒரு சந்தேகம். பூஸ்ட் ஏறுறப்ப முன்பக்கம் "ஸ்ஸ்"ன்னு ஒரு சீறல். முன்ன இருந்த இழுவையும் முழுசா வரல. ஸ்லோல வச்சு சோப்புத் தண்ணி தெளிச்சுப் பாத்தேன், குமிழி இல்ல.

பண்டாரவளை கராஜ்:

ஸ்லோல அந்தக் குழாய்ல அமுக்கமே இருக்காது, குமிழி எங்க வரும். அந்தக் கராஜ்ல குழாயக் கழட்டினாங்கன்னு எழுதியிருந்தீங்களே, அந்த இணைப்புகள டோர்ச் அடிச்சுப் பாருங்க. எண்ணெய் கலந்த தூசி ஒரு பக்கமாச் சிதறிப் படிஞ்சிருந்தா அங்கதான் காத்துப் போகுது. கிளிப் குழாயோட விளிம்பு மேலயே உக்காந்திருக்கும், பாத்தா இறுக்கமாத் தெரியும்.

டிக்கோயா ஹயர்காரன்:

அப்பிடியே இருந்துச்சு. கிளிப்ப உள்ள தள்ளி இறுக்கினேன், சீறல் நின்னுருச்சு. இழுவையும் வந்துருச்சு. பெரிய உபகாரம் அண்ணே. பண்டாரவளை பக்கம் ஹயர் வந்தா கட்டாயம் வந்து பாக்குறேன்.

லிந்துலை மணி:

இதுலயே கேட்டுக்கிறேன். என்னோடது வேகன் ஆர் ஸ்டிங்ரே டர்போ. காலையில முதல் ஸ்டார்ட்ல மட்டும் கடகடன்னு ஆடுது, கொஞ்ச நேரத்துல சரியாயிருது. ஏத்தத்துல ஒண்ணும் இல்ல. நானும் ப்ளக் மாத்தவா?

பண்டாரவளை கராஜ்:

உங்களோடது நேர் எதிர்ப் பக்கம், குளிர்ல மட்டும் வருது. ப்ளக் வாங்க ஓடாதீங்க. கூலண்ட் உள்ள கசியுதான்னு பாக்க, ராத்திரி அந்தப் போத்தல்ல மட்டத்தக் கோடு போட்டு வச்சுட்டு, சில நாள் காலையில பாருங்க. குறைஞ்சா உடனே சொல்லுங்க, அதுவரைக்கும் தூர ஓட்டம் வேணாம். குறையலன்னா ஆடுற நேரத்துலயே ஸ்கேன் போட்டு எந்த சிலிண்டர்னு பாத்துட்டு, தனியா எழுதுங்க.