மறுமொழி: ‘வைவா’வுக்குத் தமிழ்ச்சொல் – ‘தடைவிடை’ சரிவருமா?

ஐயாவுக்கும் குழும அன்பர்களுக்கும் வணக்கம்.

எழுதிக் கொடுத்த கட்டுரையை மாணவர் ஆசிரியர் முன் உட்கார்ந்து நிலைநாட்டும் முறைக்கு, அதாவது ஆங்கிலத்தில் ‘வைவா’ என்பதற்கு, ‘வாய்மொழித் தேர்வு’ என்ற பெயரே போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை, ஐயா. மொரீஷியஸில் எங்கள் பிள்ளைகளிடம் வாய்மொழித் தேர்வு என்றால், மொழிப் பாடத்தில் ஒரு பத்தியை உரக்கப் படிப்பதுதான் நினைவுக்கு வரும். அங்கே மதிப்பெண் உச்சரிப்புக்கும் சரளத்துக்கும். அந்தப் பெயரையே இதற்கும் வைத்தால், ஆசிரியர்களும் நாக்கைத்தான் அளப்பார்கள்.

போன பருவத்தில் நடந்தது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரான லபூர்தொனே இங்கே ஆளுநராக இருந்தபோது புதுச்சேரியிலிருந்து இங்கே வந்த தமிழ்க் கைவினைஞர்கள் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை கேட்டிருந்தேன். ஒரு மாணவர் தந்ததில் பிசிறே இல்லை. அடிக்குறிப்பில் இருந்த நூலை எங்கே படித்தீர்கள் என்றேன். மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு நூலே கிடையாது, சாட்ஜிபிடி இட்டுக்கட்டியது.

அடுத்து வந்த பெண்ணின் கட்டுரையில் வரிக்கு வரி இலக்கணப் பிழை. “கொத்தரும் தச்சரும் மட்டும்தானா வந்தார்கள்? அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள்?” என்று மடக்கினேன். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஆங்கிலம் கைகொடுக்காமல் எங்கள் வீட்டுப் பேச்சுமொழியான கிரியோலுக்கு மாறி, பத்து நிமிடம் வாதாடினாள். நடுவிலேயே பேனாவை எடுத்துத் தன் இரண்டாம் பத்தியைத் தானே அடித்துத் திருத்தினாள். அவள் செய்ததற்குத்தான் பெயர் வேண்டும்.

நம் பழைய நூல்களின் உரையாசிரியர்கள் ‘தடை’ (மறுப்புக் கேள்வி) எழுப்பி ‘விடை’ சொல்வார்கள். புது நூலை அவையில் அரங்கேற்றும்போதும் அவையோர் எழுப்பும் தடைகளுக்குப் புலவர் விடை சொன்ன பிறகே நூல் நிற்கும் என்பது மரபு. ஆகவே ‘தடைவிடை’ என்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்ட நண்பருக்கு: ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் சொந்தக் கருவியையே துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 கட்டுரைகளை 7 கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்றன அவை. வீட்டில் கிரியோல், வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் எங்கள் பிள்ளைகள்தான் இந்த வலையில் முதலில் சிக்குவார்கள். கேப் டவுன் பல்கலைக்கழகமும் 2025 அக்டோபர் முதல் இத்தகைய கருவியைக் கைவிடுவதாக அறிவித்தது.

பெரிய வகுப்புகளில் எல்லாரையும் கூப்பிட முடியாது. சீட்டுக் குலுக்கிச் சிலரை அழைக்கலாம்.

ரோஸ் ஹில்லிலிருந்து

—

வணக்கம் தம்பி. பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எங்கள் பிள்ளைகளுக்குப் பழைய உரைமரபு தெரியாது. ‘தடை’ என்றதும் விலக்கு என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘தடைவிடைத் தேர்வு’ என்று பலகையில் எழுதினால் நாளைக்கே அது ‘தடைத் தேர்வு’ என்று சுருங்கிவிடும். ‘கட்டுரை விளக்கம்’ என்றால் என்ன குறை?

—

அம்மா, நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மைதான். ஆனால் ‘விளக்கம்’ என்றால் மனப்பாடம் செய்து வந்து ஒப்பித்துவிடலாம். குறுக்கே ஒருவர் கேட்கிறார் என்பது சொல்லிலேயே தெரியவேண்டும். எனவே ‘தேர்வு’ என்ற வாலை வெட்டிவிடுவோம். “நாளைக்கு எனக்குத் தடைவிடை” என்று பிள்ளைகள் சொல்லட்டும். அறிவிப்பில் மட்டும் கீழே ஒரு வரி: ‘எழுதியதைக் கேள்விகளுக்கு ஈடுகொடுத்து நிலைநாட்டுதல்’. அடுத்த பருவ அறிவிப்பில் இப்படியே போடுகிறேன், அம்மா.