ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்: 71 கமிட்ல 66 என்னுது, கைடுகிட்ட சொல்லலாமா?

தக்காளிவீட்டுப்பொண்ணு:

எட்டாவது செமஸ்டர், கம்ப்யூட்டர் சயின்ஸ். அண்ணா யுனிவர்சிட்டிக்குக் கீழ வர்ற காலேஜ், பேர் வேண்டாம். வர்ற புதன் மூணாவது ரெவ்யூ. அதுக்குள்ள ஒரு முடிவு எடுக்கணும், அதான் இங்க வந்து கொட்டுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

டீம்ல நாலு பேர். ரெப்போல (டீமோட கோட் மொத்தமும் இருக்கற இடம்) மொத்தம் 71 கமிட், அதாவது யார் கோட்ல என்ன மாத்தினாங்கன்னு பேரோட விழற பதிவு. அதுல 66 என்னுது. மிச்ச அஞ்சுல மூணு, ரீட்மீ ஃபைல்ல ஸ்பெல்லிங் திருத்தினது.

தக்காளி இலைய போட்டோ எடுத்தா என்ன நோய்னு சொல்ற ஆப். தெரியும், வருஷா வருஷம் எல்லா காலேஜ்லயும் ரெண்டு டீமாவது இதத்தான் பண்ணும். ஜீரோத் ரெவ்யூலயே ஹெச்ஓடி "இன்னொரு இலையா?"ன்னுதான் கேட்டார். ஆனா எங்க வீடு ஒட்டன்சத்திரம் பக்கம். அப்பா ஒன்றரை ஏக்கர் தக்காளி போடறார். போன வருஷம் இலை சுருட்டை வந்து பாதிச் செடியப் பிடுங்கிப் போட்டோம். அதனால எனக்கு இது வெறும் டைட்டில் இல்ல.

டீம்மேட்ஸ் பேரச் சொல்ல மாட்டேன். ஆப்சென்ட், பிபிடி, போட்டோன்னு வச்சுக்கலாம்.

ஆப்சென்ட்டுக்கு ஜனவரியிலயே பெங்களூர்ல இன்டர்ன்ஷிப். ரெவ்யூக்கு முதல் நாள் ராத்திரி பஸ் ஏறி, காலைல அயர்ன் பண்ணின சட்டையோட வந்து நிப்பான். "நான் எந்த ஸ்லைடு பேசணும், நம்பர் மட்டும் சொல்லு"ம்பான். பிபிடி என் ரூம்மேட், நல்ல பொண்ணு. ஸ்லைடு, ரிப்போர்ட், போனஃபைட் பக்கம், அலைன்மென்ட் எல்லாம் அவதான். கோட் பக்கம் மட்டும் எட்டிப் பாக்க மாட்டா. போட்டோ, பேருக்கேத்த மாதிரி போட்டோ எடுத்தான். அவ்வளவுதான். மூணு சனி ஞாயிறு எங்க ஊருக்கு வந்து, எங்கம்மா கையால சாப்பிட்டு, தோட்டத்துல 412 படம் எடுத்துட்டுப் போனான்.

மிச்சமெல்லாம் நான். பிளான்ட்வில்லேஜ்ங்கற இலைப் பட டேட்டாசெட் இறக்கினது, அதுல தக்காளி மட்டும் 10 கிளாஸ் (நோய் வகையும் நல்ல இலையும்), 18,000 சொச்சம் படத்தப் பிரிச்சது, படத்தப் பாத்து வகை சொல்ற மொபைல்நெட் மாடல ட்ரெயின் பண்ணினது, அத ஃப்ளாஸ்க்ல வெப் ஆப்பா ஏத்தினது. ட்ரெயின் பண்ண கூகுளோட ஆன்லைன் கோலாப், ஃப்ரீ அக்கவுண்ட், ராத்திரி ரெண்டு மணிக்கு செஷன் அந்து போச்சு. அதுவரைக்கும் ஓடினத செக்பாயின்ட்டா சேவ் பண்ணாம விட்டிருந்தேன், முதல்ல இருந்து ஓட்டணும். அன்னிக்கு ஹாஸ்டல் பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். வார்டன் வந்து கதவத் தட்டினாங்க.

ரெண்டாவது ரெவ்யூல அக்யூரசி (சரியாச் சொல்ற சதவீதம்) 98.7ன்னு காட்டினோம். கைடு முகமெல்லாம் சிரிப்பு. நாலு பேருக்கும் ஒரே மார்க். வெளிய வந்ததும் ஆப்சென்ட் "செம்ம, நம்ம ப்ராஜெக்ட்"ன்னு கைய நீட்டினான், தட்டறதுக்கு. *நம்ம*.

கேள்வி இதான்: கிட் லாக (அந்த கமிட் லிஸ்ட) பிரிண்ட் எடுத்து கைடுகிட்ட காட்டலாமா? காட்டினா மார்க்கப் பிரிச்சுப் போடுவாங்களா, இல்ல "உனக்கு டீம்ல ஒத்துப் போகத் தெரியல"ன்னு எனக்கே திரும்புமா? பிபிடியோட இன்னும் ரெண்டு மாசம் ஒரே ரூம்ல இருந்தாகணும்.

ஓஎம்ஆர்_தூசி:

தங்கச்சி, காட்டாத. ரெவ்யூக்கு நாலு நாள் இருக்கறப்போ எந்த கைடும் பஞ்சாயத்துக்கு உக்கார மாட்டார். அவருக்கு உங்கள மாதிரி இன்னும் நாலு டீம் இருக்கும்.

எங்க கதையக் கேளு. நாங்க நாலு பேரும் ஆளுக்கு 3,000 போட்டு ப்ராஜெக்ட் சென்டர்ல ரெடிமேடா வாங்கினோம். யாருக்கும் யார் மேலயும் மனக்குறை கிடையாது, ஏன்னா யாருமே ஒண்ணும் பண்ணல. வைவால வெளி காலேஜ்ல இருந்து வந்த எக்ஸ்டர்னல் கோட ஸ்க்ரோல் பண்ணிட்டு கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இந்த வேரியபிள் பேரெல்லாம் ஏன் தெலுங்குல இருக்கு?" இன்னிக்கும் ராத்திரி திடீர்னு முழிப்பு வந்தா அந்தக் குரல்தான் கேக்கும்.

ஊர் கூடித் தேர் இழுத்தா வடத்த சும்மா தொட்டுக்கிட்டு வர்றவன் இருக்கத்தான் செய்வான். ரிங்கெல்மேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஆளுங்கள கயிறு இழுக்க விட்டு அளந்தே பாத்து 1913ல எழுதிட்டார், ஆள் சேரச் சேர ஒருத்தர் போடற பலம் குறையுதுன்னு. ஆஃபீஸ் வந்தாலும் இதான். அங்க ஸ்டாண்டப் மீட்டிங்னு பேரு.

வைவாவுக்குப்_போகிறவர்:

பதினான்கு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். எக்ஸ்டர்னலாகப் பல கல்லூரிகளுக்குப் போயிருக்கிறேன். உன் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் என் கேள்வி ஒன்று. அந்த 98.7 எந்தப் படங்களில் வந்தது? அந்தப் பையன் எடுத்த 412 படங்களில் ஓட்டிப் பார்த்தாயா?

தக்காளிவீட்டுப்பொண்ணு:

98.7 பிளான்ட்வில்லேஜ் டெஸ்ட் செட்ல சார், ட்ரெயினிங்குக்குக் குடுக்காம தனியா வச்ச படங்கள்ல.

அவன் படத்துல ஓட்டினேன். 41 வந்துச்சு. வெயில், நிழல், மண்ணு, அப்பாவோட கால்னு எல்லாம் ஃப்ரேம்ல இருக்கு, படமே சரியில்லன்னு விட்டுட்டேன். ஸ்லைடுல போடல.

வைவாவுக்குப்_போகிறவர்:

நினைத்தேன். இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரலாம், வந்தாலும் பரவாயில்லை மா.

பிளான்ட்வில்லேஜில் 54,306 படங்கள், 14 பயிர், 38 வகுப்பு. இலையைப் பறித்து, வெறும் பின்னணியில் வைத்து எடுத்தவை. 2016-ல் அதை வைத்து வந்த பெயர்பெற்ற கட்டுரையில் 99.35 சதவீதம் வந்தது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் அதே மாடல் 31 சொச்சத்துக்கு இறங்கியது. அதையும் அவர்கள் அதே கட்டுரையில் எழுதி வைத்தார்கள். 2022-ல் இன்னொருவர் செய்தது இன்னும் வேடிக்கை. இலையையே காட்டாமல், பின்னணியிலிருந்து வெறும் 8 பிக்சல் மட்டும் எடுத்து மாடலுக்குக் கொடுத்தார். 49 சதவீதம் சரியாகச் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு குத்தினால் 38 வகுப்பில் 2.6 வரவேண்டும். அப்படியானால் மாடல் எதைப் படித்திருக்கிறது? நோயையா, மேஜை விரிப்பையா?

போதாததற்கு ஒரே இலையைத் திருப்பித் திருப்பி எடுத்த படங்களும் அதில் உண்டு. நீ படங்களைக் கலைத்துப் போட்டு ட்ரெயின், டெஸ்ட் என்று பிரித்திருந்தால், ஒரே இலை இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும். வினாத்தாளைப் படித்துவிட்டுப் பரீட்சை எழுதின கதை.

ஆகவே உன் ப்ராஜெக்டில் நான் எக்ஸ்டர்னலாக வந்து உட்கார்ந்தால், 98.7 ஸ்லைடை அரை நிமிடத்தில் தாண்டிவிடுவேன். 412 படங்களில் அரை மணி நேரம் நிற்பேன். யார் எடுத்தது, எந்தச் செடி, என்ன நோய் என்று யார் சொன்னது, ஏன் 41. வேறெந்த டீமிடமும் இல்லாதது உங்களிடம் அது ஒன்றுதான். அதைக் கொண்டுவந்தவனுக்கு உன் லாகில் கமிட் எத்தனை?

தேர் கதையை ஒருவர் சொன்னார். வடம் பிடிக்காமல் சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையோடு ஓடுகிறவர்களையும் பார்த்திருப்பாய். அவர்கள் முட்டு கொடுக்கவில்லை என்றால் தேர் முனையில் திரும்பாது, யார் வீட்டுத் திண்ணையிலாவது போய் நிற்கும்.

இதனால் அந்த பெங்களூர்ப் பையன் யோக்கியன் ஆகிவிட மாட்டான். அது தனி. லாகை பிரிண்ட் எடுக்காதே, ஆனால் ரிப்போர்ட்டில் யார் எதைச் செய்தார்கள் என்று ஒரு பக்கம் போடு. நால்வரும் அதைப் படித்துக் கையெழுத்துப் போடட்டும். அவன் என்ன எழுதுகிறான் என்று பார்.

தக்காளிவீட்டுப்பொண்ணு:

சார், கோபம் வந்துச்சு. இன்னும் கொஞ்சம் இருக்கு. 66 கமிட்டும் மேஜை விரிப்புக்கா?

முன்னாள்_பிபிடி:

நான் வேற காலேஜ், 2019 பாஸ் அவுட். எங்க டீம்ல ஸ்லைடு போட்ட பொண்ணு நான்தான். அதனால அந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன்.

ஜூலைல நானும் கோட் எழுதணும்னுதான் உக்காந்தேன். எங்க டீம் தலைவர் பக்கத்துல வந்து பாத்துட்டு, "தள்ளு, உனக்குச் சொல்லிக் குடுக்கற நேரத்துல நானே முடிச்சிருவேன்"ன்னு கீபோர்ட வாங்கிட்டான். நல்ல எண்ணத்துலதான். மூணு தடவ அப்படி ஆச்சு. நாலாவது தடவ நானே "எனக்கு ஜாவா வராது"ன்னு சொல்லிட்டேன். அப்படிச் சொல்றது சுலபம்பா, யாரும் மேல கேள்வி கேக்க மாட்டாங்க. மார்ச்ல அவன் "நான் ஒருத்தனே பண்றேன்"ன்னு புலம்பறான், நான் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்ல புள்ளி வச்சுட்டு இருக்கேன்.

இப்ப ஏழு வருஷமா ஜாவாலதான் சம்பளம் வாங்கறேன்.

உன் ரூம்மேட் அந்த ரகமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. கேட்டுப் பாரு. இன்னொண்ணு, ரெண்டு பேர் ஒரே லேப்டாப்ல உக்காந்து எழுதினா கமிட் மெசேஜ் அடியில கோ-ஆதர்ட்-பைன்னு அவ பேரு, மெயில் ஐடி போடலாம், கிட்ஹப் ரெண்டு பேர் கணக்குலயும் காட்டும். எங்க காலத்துலயே இருந்துச்சு, யாரும் சொல்லல.

ஓஎம்ஆர்_தூசி:

சார் வைவாவுக்கு அன்னிக்கு எங்க காலேஜுக்கு வந்தது நீங்க இல்லயே? குரல் அதே மாதிரி இருக்கு.

தக்காளிவீட்டுப்பொண்ணு (எட்டு நாள் கழிச்சு):

ரெவ்யூ முடிஞ்சுது. சில பேர் தனியா கேட்டீங்க, அதான் எழுதறேன்.

ஞாயித்துக்கிழமை போட்டோவக் கூப்பிட்டு அந்தப் படங்களப் பத்திக் கேட்டேன். அவன் பைல இருந்து ஒரு 80 பக்க நோட்ட எடுத்தான். 58 செடி. ஒவ்வொரு செடியிலயும் கலர் நூல் கட்டி நம்பர் போட்டிருக்கான், எந்த வரிசை, காலையா மதியமா, அப்பா அத என்ன நோய்னு சொன்னார், எல்லாம் அவனோட கோணக் கையெழுத்துல. அத எக்செல்ல ஏத்தி பிப்ரவரியிலயே குரூப்ல அனுப்பியிருக்கான். நான் ஃபைலத் திறக்கவே இல்ல, ஃபோல்டர் பேர மட்டும் பாத்து லேபிள் போட்டிருக்கேன். நூல் கட்டினது எனக்குத் தெரியும், ஆனா அம்மா ஏதோ வேண்டுதலுக்குக் கட்டினதுன்னு நினைச்சேன். சிரிக்காதீங்க.

நோட்டப் புரட்டினப்பதான் ஒண்ணு தெரிஞ்சுது. 412ல 70 படம், இலைக்குள்ள வெள்ளையா பாம்பு ஊர்ந்த மாதிரி கோடு போடற பூச்சி. அந்த 10 கிளாஸ்ல அப்படி ஒண்ணே கிடையாது. என் மாடல் பாவம், அத்தனையையும் வேற எதுக்குள்ளயாவது தள்ளியிருக்கு. தோட்டத்துல நிஜமா இருக்கறது நாலே நாலுதான்: சுருட்டை, வட்ட வட்டமா வர்ற கருகல், இந்தப் பூச்சி, நல்ல இலை. மத்தத எல்லாம் தூக்கிட்டு நாலு கிளாஸா மாத்தினோம். படத்தக் கலைக்காம செடிய வச்சுப் பிரிச்சோம், 46 செடி ட்ரெயினிங்குக்கு, 12 செடி தொடாம டெஸ்டுக்கு. 63 வந்துச்சு. 98.7 பாத்த கண்ணுக்கு 63 வயித்தக் கலக்குது, இருந்தாலும் ஸ்லைடுல ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல போட்டோம். தோட்டக்கலை உதவி அலுவலர் ஒருத்தர்கிட்ட படத்தக் காட்டினோம், அப்பா சொன்ன லேபிள்ல ஏழு தப்புன்னார். அப்பா இன்னும் ஒத்துக்கல.

அந்த செடி வாரியாப் பிரிக்கற கோட எழுதினது பிபிடி. ரெண்டு நாள் ஆச்சு. நான் எழுதியிருந்தா இருபது நிமிஷம். பக்கத்துல உக்காந்து கைய தொடைக்கு அடியில வச்சுக்கிட்டேன், நிஜமா. முன்னாள்_பிபிடி அக்கா சொன்னது உண்மையான்னு கேட்டேன். "நீ அஞ்சாவது செமஸ்டர் லேப்லயே என் மவுஸப் பிடுங்குவடி"ன்னா. எனக்கு ஞாபகமே இல்ல.

ரெவ்யூல ஹெச்ஓடி 63ஐப் பாத்துட்டு "குறைஞ்சிருக்கே"ன்னார். போட்டோ நோட்டத் தூக்கி மேஜைல வச்சான். அவர் பத்து நிமிஷம் அதப் புரட்டினார், எங்க யாரையும் பாக்கல. கைடு முகத்துல மட்டும் சிரிப்பு இல்ல.

ஆப்சென்ட் கிட்ட ஏன் மொபைல்நெட்னு கேட்டாங்க. "மொபைல்ல ஓடறதால சார்"ன்னான். அது ஏறக்குறைய சரியான பதில்ங்கறதுதான் இன்னும் எரியுது. மார்க் இன்னும் சொல்லல.

யார் என்ன செஞ்சதுங்கற பக்கத்த குரூப்ல போட்டேன். மூணு பேர் எழுதிட்டோம். அவன் நேத்து ராத்திரி "எனக்கு என்ன போடறது, நீயே ஏதாச்சும் ஃபில் பண்ணிடு"ன்னு மெசேஜ் அனுப்பினான். ப்ளூ டிக் விழுந்துருச்சு. இன்னும் பதில் போடல.