ஆகஸ்ட் விடுமுறையில் மடுவும் கடலும்: ஒரே பயணத்தில் அடங்குமா?

குளக்கட்டடி (கிளிநொச்சி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்ட் விடுமுறையில் சகோதரர்கள் மூவரும் குடும்பத்தோடு மூன்று நாள் பயணம் ஒன்று போக எண்ணியுள்ளோம். நாங்கள் இருப்பது கிளிநொச்சியில், தங்கை குடும்பம் வவுனியாவில். கொழும்பில் வேலை பார்க்கும் தம்பி மனைவி பிள்ளைகளோடு புகையிரதத்தில் வந்து சேர்வான். எங்கள் அம்மாவும் தங்கையின் மாமியாரும் வருகிறார்கள். இருவருக்கும் முழங்கால் வருத்தம் இருப்பதால் நெடுந்தூரம் நடக்க இயலாது.

சிக்கல் என்னவென்றால் ஒவ்வொருவருடைய விருப்பமும் ஒவ்வொரு திசையில் நிற்கிறது. நாங்கள் சைவர்களாக இருந்தாலும் அம்மா மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்திருக்கிறார். அதை 15ஆம் திகதி திருவிழாவன்றே நிறைவேற்ற வேண்டும் என்று நிற்கிறார். பிள்ளைகளுக்குக் கடலில் குளிக்க வேண்டும். தம்பிக்கோ தலைமன்னாருக்குப் போய் இந்தியாவைப் பார்க்க வேண்டுமாம். போதாக்குறைக்கு என் கணவர் முல்லைத்தீவையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் என்ன என்கிறார். வான் ஒன்றை வாடகைக்கு எடுத்தால் இவை எல்லாவற்றையும் மூன்று நாட்களில் பார்த்துவிட முடியுமா? முடியாதென்றால் எதை விடலாம்? தங்கையின் மாமியாருக்கு இன்னமும் மிதிவெடிப் பயம் உண்டு. அதற்கு என்ன பதில் சொல்வது என்பதையும் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

மாந்தைக்காரன் (மன்னார்) எழுதியது:

வணக்கம் அக்கா. முதலில் மடுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பயணத்தின் மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான் அமையும். ஆவணித் திருவிழாவுக்கு ஆகஸ்ட் 6ஆம் திகதி கொடியேறும். 14ஆம் திகதி மாலை வேஸ்பர் எனப்படும் மாலை ஆராதனை, 15ஆம் திகதி காலை திருவிழாத் திருப்பலி. அந்த இரண்டு நாட்களிலும் இலங்கையின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தமிழரும் சிங்களவருமாகச் சனம் திரளும். பலர் ஒரு வாரத்துக்கு முன்னரே வந்து மரங்களின் கீழ்க் கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டுத் தங்கியிருப்பார்கள். அப்படித் தங்குவதற்கு ஆயத்தமாக வருபவர்களுக்கு அது மறக்க முடியாத திருவிழா. ஆனால் காலையில் வந்து மாலையில் திரும்ப நினைப்பவர்கள் வாகனத்தைத் தொலைவில் நிறுத்திவிட்டு, வெயிலிலும் புழுதியிலும் கோவில்வரை நடக்க நேரிடும். முழங்கால் வருத்தமுள்ள இரு பெரியவர்களை அந்த நெரிசலுக்குள் கூட்டிவருவதை நான் விரும்பமாட்டேன்.

அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். கொடியேறிய பின்னர் வரும் நவநாட்களில், அதாவது 7ஆம் திகதிக்கும் 12ஆம் திகதிக்கும் இடையில் வந்தாலும் அது திருவிழாக் காலம்தான். மாதாவின் முன்னால் ஆறுதலாக இருந்து கும்பிடவும் முடியும். மாந்தையிலிருந்த மாதாவின் திருச்சொரூபத்தை, ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய 1670ஆம் ஆண்டளவில் காட்டுக்குள் கொண்டுபோய்க் காத்த இடமே மருதமடு. அந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொல்வதற்கும் சற்று அமைதி வேண்டும் அல்லவா? மடு மண் விஷக்கடிக்கு நல்லது என்ற நம்பிக்கை இருப்பதால் பெரியவர்கள் அதில் கொஞ்சம் முடிந்துகொண்டு வருவார்கள் என்பதையும் அறிந்திருப்பீர்கள்.

தம்பி கிளிநொச்சிக்கு வந்து மறுபடியும் தெற்கே இறங்கத் தேவையில்லை. கொழும்பிலிருந்து தலைமன்னாருக்கு வரும் புகையிரதம் மடு வீதி நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து கோவில் 12 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. நீங்கள் ஏ9 வழியாக வவுனியாவுக்கு வந்து தங்கையை ஏற்றிக்கொண்டு, செட்டிகுளம், பறையனாலங்குளம் ஊடாக மன்னார் வீதிக்கு ஏறினால் அவரை அந்த நிலையத்திலேயே சந்திக்கலாம்.

தலைமன்னாரிலிருந்து வெறுங்கண்ணுக்கு இந்தியா தெரியாது என்பதைத் தம்பியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்; வந்து ஏமாறக் கூடாது. கடலுக்குள் நீண்டு செல்லும் இராமர் அணையின் மணற்றிட்டுகள்தான் அங்கே இருக்கின்றன. ஆனால் பழைய இறங்குதுறையும் வெளிச்சவீடும் பார்க்க வேண்டியவை. 1964 டிசம்பரில் வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழிக்கும்வரை, அங்கே புகையிரதத்தால் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாருக்கு வந்து, இங்கிருந்து மறுபடியும் புகையிரதத்தில் கொழும்புக்குப் போனார்கள். ஒரே பற்றுச்சீட்டில் சென்னையிலிருந்து கொழும்புவரை பயணம் செய்த காலத்தை உங்கள் அம்மாவின் வயதையொத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். அவரைக் கேட்டுப் பாருங்கள், தம்பியைவிட அவருக்கே அந்த இடம் கூடுதலாகப் பிடிக்கக்கூடும்.

ஆனால் மன்னாரில் பிள்ளைகளைக் கடலில் இறக்க வேண்டாம். ஆகஸ்டில் எங்களுக்குச் சோளகம் (தென்மேற்குக் காற்று) பேயாய் வீசும் காலம். தீவின் தென்கரையில் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பதற்கு அந்தக் காற்றுத்தான் காரணம். அலையும் மணலும் முகத்தில் அடிக்கும். பூநாரைகளையும் எதிர்பார்க்க வேண்டாம். அவை கூட்டமாக வருவது மாரி தொடங்கிய பிறகே. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தையும் (பாவோபாப்) கோட்டையையும் பாருங்கள். நகரத் தெருக்களில் தம்பாட்டில் திரியும் கழுதைகளைக் கண்டால் கடைக்குட்டிக்கு வேறெதுவும் தேவைப்படாது. திருக்கேதீச்சரத்துக்கு மாலையில் போங்கள்: நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும், பாலாவித் தீர்த்தக் கரையிலும் மாலையில்தான் நிற்க முடியும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் என்பதால் அம்மா அங்கே தேவாரம் படிக்க விரும்புவார். நேரத்தை ஒதுக்கி வையுங்கள். அரிப்பில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டிய மாளிகையின் இடிந்த சுவர்களும் இருக்கின்றன. பெரியவர்கள் களைத்திருந்தால் அதை விட்டுவிடலாம்.

முல்லைக்கரை (முல்லைத்தீவு) எழுதியது:

மாந்தைக்காரன் அண்ணா எழுதியவற்றில் காற்றைப் பற்றிய பகுதிதான் முடிவைத் தருகிறது என்று நினைக்கிறேன். மேற்கில் சோளகம் கொந்தளிக்கும்போது கிழக்குக் கரை பெரும்பாலும் அடங்கியிருக்கும். மார்கழியில் வாடைக் காற்றோடு அது தலைகீழாகிவிடும். ஆகவே ஆகஸ்டில் கடலில் குளிக்க வேண்டுமென்றால் முல்லைத்தீவுக்கு வாருங்கள். அதற்காக மடுவையும் மன்னாரையும் முடித்த அதே மூச்சில் இங்கே ஓடிவர வேண்டாம். வன்னி வரைபடத்தில் சிறியது. ஆனால் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு வருவதற்குள் ஒரு பகல் போய்விடும், பிள்ளைகள் வானுக்குள் நித்திரை கொள்வதைத்தான் காண்பீர்கள். மன்னிக்கவும், உங்கள் கணவரின் யோசனையை நான் ஏற்கவில்லை. கிளிநொச்சியில் இருப்பவர்களுக்கு முல்லைத்தீவு ஒரு பகலில் வந்து திரும்பும் தூரந்தான். பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக அதிகாலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் கடலில் இறங்கலாம்.

அடங்கிய கடல் என்பதால் கவனமின்றி விட்டுவிடக் கூடாது. எந்த இடத்தில் அடிமணல் திடீரென இறங்குகிறது என்பது கரைவலை இழுப்பவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டபின் பிள்ளைகளை இறக்குங்கள். களப்பு கடலோடு சேரும் முகத்துவாரங்களில் நீரோட்டம் இழுக்கும், அங்கே முழங்கால் தண்ணீரிலும் நிற்க விடாதீர்கள். வட்டுவாகல் பாலம் ஒடுக்கமானது. எதிரே வரும் வாகனத்துக்கு வழிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். திரும்பும்போது வற்றாப்பளைக் கண்ணகி அம்மனைக் கும்பிட்டு, நந்திக்கடலைப் பார்த்து, ஒட்டுசுட்டான் தான்தோன்றீச்சரத்தோடு மாங்குளத்துக்கு ஏறலாம். வைகாசிப் பொங்கல் முடிந்திருக்கும் என்பதால் வற்றாப்பளையில் சனம் குறைவாக இருக்கும். பெரியவர்களுக்கு அது வசதி.

வீதி முள்ளிவாய்க்கால் ஊடாகத்தான் வருகிறது. உங்கள் மூத்த பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் மனநிலையில் பெரியவர்கள் இருப்பார்களா என்பதைப் புறப்படுமுன் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். அந்த இடத்தைக் கடற்குளிப்புக்குப் போகும் வழியில் இறங்கிப் படமெடுக்கும் இடமாக்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

மாமியாரின் பயத்தைச் சிரித்துத் தள்ள வேண்டாம். பிரதான வீதிகளும் கோவில்களும் குடியிருப்புகளும் சனம் நாள்தோறும் புழங்கும் இடங்கள், அங்கே பயமில்லை. ஆனால் சிவப்பு எச்சரிக்கைப் பலகையோ கயிறோ கண்ட இடத்துக்குள், நிழலுக்காகவோ சலம் கழிக்கவோ கூட, யாரும் இறங்கக் கூடாது. புழக்கமில்லாத பற்றைக்குள் போவதில்லை, நிலத்தில் கிடக்கும் இரும்புத் துண்டைத் தொடுவதில்லை என்று பிள்ளைகளிடம் முன்னரே உறுதியாகச் சொல்லிவையுங்கள்.

ஏ9 சாரதி (வவுனியா) எழுதியது:

வாடகை வான் ஓட்டுபவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவும் மடுத் திருவிழாவும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வருவதால் நல்ல வாகனங்களை முன்னரே பேசிவிடுவார்கள். இப்போதே பேசி, கிலோமீற்றர் கணக்கா நாட்கணக்கா, சாரதியின் சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்பதையெல்லாம் தெளிவாக முடித்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில்தான் மனக்கசப்பு வருகிறது.

இருட்டிய பிறகு ஓடும்படி எந்தத் திட்டமும் போட வேண்டாம். ஏ9 வீதியில் கட்டாக்காலி மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும். செட்டிகுளம், மடுப் பக்கத்திலும் ஒட்டுசுட்டான் காட்டுப் பகுதியிலும் மாலைக்குப் பிறகு யானை நிற்கலாம். யானையைக் கண்டால் வானை நிறுத்தி, ஒலி எழுப்பாமல் தூரத்தில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மன்னாரிலிருந்து கிளிநொச்சிக்கு நேரே திரும்புவதானால் விடத்தல்தீவு, வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி வழியாக ஏ32 வீதியைப் பிடியுங்கள். வவுனியாவைச் சுற்றத் தேவையில்லை, ஆனால் கடைகள் அருந்தலாகவே இருக்கும் என்பதால் தண்ணீரும் எரிபொருளும் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். வவுனியாத் தங்கையை மட்டும் மன்னாரிலிருந்து பேருந்தில் அனுப்புவது மலிவு.

வெளியூரார் யாரேனும் இதை வாசித்தால் ஒன்று: முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் போய் அப்படியே திருகோணமலைக்கு ஓடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். புல்மோட்டை அக்கரையில் கண்ணுக்குத் தெரியும், இடையில் களப்பின் வாய் இருக்கிறது, பாலம் இல்லை.

முறிகண்டியில் நிறுத்துவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்தச் சாரதியும் தாண்டமாட்டான், பிள்ளைகளுக்குக் கச்சானும் வாங்கிவிடலாம்.

குளக்கட்டடி (கிளிநொச்சி) எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு எல்லோரும் தொலைபேசியில் பேசினோம். நவநாட்களில் போனால் மாதா ஏற்றுக்கொள்வாவா என்று அம்மா முதலில் முறைத்தார். தங்கையின் மாமியார் ஆதரவாகப் பேசிய பிறகு இணங்கிவிட்டார். முதல் நாள் மடு, அன்று மாலை திருக்கேதீச்சரம், மன்னாரில் இரவு. அடுத்த நாள் காலையில் தலைமன்னார், மதியத்துக்குப் பின் ஏ32 வழியாகக் கிளிநொச்சி. மூன்றாம் நாள் முல்லைத்தீவுக் கடல் என்று பேசியிருக்கிறோம். தங்கையும் எங்களோடேயே கிளிநொச்சிக்கு வருவாள். கடலில்லாமல் அவளுடைய பிள்ளைகளை அனுப்ப முடியாது. இரண்டாம் இரவு எங்கள் வீட்டிலேயே தங்குவதால் விடுதிச் செலவும் குறைகிறது. மன்னார் நகரில் பெரியவர்கள் படியேறாமல் தங்கக்கூடிய இடம் கிடைக்குமா, மாந்தைக்காரன் தம்பி?

மாந்தைக்காரன் (மன்னார்) எழுதியது:

கிடைக்கும் அக்கா. ஆனால் நவநாட்களிலும் அறைகள் விரைவில் நிரம்பும். பதிவு செய்யும்போது கீழ்த்தள அறை என்பதையும், இருந்து எழும்பக்கூடிய மலசலகூடம் இருக்கிறதா என்பதையும் வாய்விட்டுக் கேளுங்கள். படத்தில் அது தெரியாது. தலைமன்னாருக்கு நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். காலை ஏழு மணிக்கு முன் புறப்பட்டால் காற்று பலக்குமுன் இறங்குதுறையில் நிற்கலாம். அம்மாவுக்கு ஒரு தலைச்சால்வை எடுத்துவரச் சொல்லுங்கள்.